பூனையும் குளியல் தொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாவது மாடி வீட்டில், வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆசையாகப் போட்ட பாத்டப் ஒன்று இருக்கிறது. நாங்கள் குடிவந்த பிறகு அதில் மனிதர் யாரும் படுத்துக் குளித்ததில்லை. துணி ஊறவைத்திருக்கிறோம். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம். மற்ற நாளெல்லாம் அது பூனைகளின் சொத்து. முதலில் ராஜப்பா, இப்போது குண்டுமணி.

அதில் பூனை படுத்திருக்கும் படத்தை ஒருமுறை சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து பூனை வளர்க்கும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இருபது வருடமாகப் பூனையோடு இருப்பவள், அவ்வளவுதான்.

பூனைக்குத் தண்ணீரே ஆகாது என்கிறார்கள். அப்புறம் ஏன் குளிக்கிற தொட்டியில் போய்ப் படுக்கிறது?

அது குளிக்கிற தொட்டி என்று பூனைக்கு யார் சொன்னது? நாம் அதில் தண்ணீர் விடுவது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரமும் அது காய்ந்து கிடக்கிற ஒரு பள்ளம். நாலு பக்கமும் சுவர் எழும்பிய, வழவழப்பான, வேறு யாரும் வந்து உட்காராத பள்ளம். பூனை பார்ப்பது அதைத்தான்.

தண்ணீர் ஆகாது என்பதும் பாதிதான் சரி. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் எலி பிடித்துத் திரிந்த விலங்கு, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் தானியக் குதிர்களைச் சுற்றி எலி பெருகியபோது மனிதரோடு ஒட்டிக்கொண்டது. நீந்த வேண்டிய தேவை அதற்கு அதிகம் வரவில்லை. மயிர் நனைந்தால் கனத்துப்போகும், காய நேரம் பிடிக்கும், உடம்புச் சூடு இறங்கும். ஆகவே முழுக்க நனைவது பிடிக்காது. சொட்டுகிற தண்ணீரைக் காலால் தட்டி விளையாடுவது வேறு சங்கதி.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஏன் போகிறது’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, ‘எப்போது போகிறது, போய் எப்படி இருக்கிறது’ என்பதுதான். மதியம் கால் நீட்டிப் படுப்பது, ராத்திரி குழாயடியில் குந்துவது, விருந்தாளி வந்ததும் ஓடி ஒளிவது மூன்றும் அதே தொட்டியில் நடக்கும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

வெறும் குளிர்ச்சிக்காகத்தானே? எங்கள் வீட்டில் வெயில் காலத்தில் அங்கிருந்து நகர மாட்டேன் என்கிறது.

வெயில் காலத்துக்கு அதுதான் முதல் காரணம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்க வழியில்லை. பாதங்களின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மயிரை நக்கி, அந்த எச்சில் ஆவியாகும்போது சற்றுக் குளிரும். இதெல்லாம் போதாத நாளில், வயிற்றை ஒட்டவைத்துச் சூட்டை இறக்கிவிட ஓர் இடம் தேவைப்படுகிறது.

பாத்ரூமில் தொங்கும் துண்டும் தொட்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் துண்டைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, தொட்டியைத் தொட்டால் சில்லென்கிறது. இரும்பும் பீங்கானும் நம் கைச்சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதுதான் வித்தியாசம். பழைய தொட்டிகள் வார்ப்பிரும்பில் எனாமல் பூசியவை. அமெரிக்காவில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர் 1883இல் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் இரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்து, குளிக்கும் தொட்டி என்று விற்றதாக அவர் தொடங்கிய நிறுவனம் சொல்கிறது. ஆக, விலங்குக்காகச் செய்ததை மனிதர் எடுத்துக்கொண்டோம். பூனை திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இப்போது வரும் அக்ரிலிக் தொட்டி அந்த அளவுக்குச் சில்லென்றிராது. அது இருக்கும் வீடுகளில் பூனை தொட்டியை விட்டுவிட்டு டைல்ஸ் தரையில் படுப்பதைப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது சாதாரணம். பூனை வாயைத் திறந்து இரைத்தால் சாதாரணம் இல்லை. தொட்டியில் கிடந்தும் இரைப்பு அடங்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

மார்கழிக் குளிரிலும் அங்கேதான் கிடக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. முந்தைய பதிலோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பூனைக்குச் சுகமான வெப்பநிலை ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி வரை. அதாவது நமக்குப் புழுங்குகிற 32 டிகிரி அதற்கு இதமான சூடு. நமக்கு இதமாக இருக்கும் 24 டிகிரியில் அது சூடு தேடும். அப்படிப்பட்டது மார்கழியில் தொட்டிக்குப் போனால் குளிர்ச்சிக்காகப் போகவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் வெந்நீரில் குளித்த பிறகா என்பதை. சுடுதண்ணீர் பட்ட இரும்புத் தொட்டியும் டைல்ஸும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். குண்டுமணி டிசம்பரில் எங்கள் குளியல் நேரத்தை ஒட்டித்தான் உள்ளே வருவாள். ஈரத்தை நான் துடைத்து முடிக்கும்வரை வாசலில் காத்திருப்பாள்.

அதுவும் இல்லையென்றால், பள்ளத்துக்காகத்தான் போகிறது. சாதாரணத் தொட்டி ஐந்தடி நீளம், ஏறக்குறைய ஒன்றேகால் அடி ஆழம் இருக்கும். பூனை படுத்தால் வெளியே யாருக்கும் தெரியாது. தலையை நிமிர்த்தினால் வாசல் முழுக்கத் தெரியும். வேட்டையாடுகிற, அதே சமயம் தானும் வேட்டையாடப்படக்கூடிய சிறிய விலங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மொத்தம் 19 பூனைகள்தான். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. வீட்டில் கல்யாணக் கூட்டம், பெயின்ட் அடிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை வந்திருக்கிறது என்றால் பூனை பாத்ரூமுக்குப் போவதன் கதை இதுதான்.

எங்களுக்கு டப்பெல்லாம் கிடையாது. வாஷ் பேசினில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

குளிர்ச்சியும் சுவரும் அதே காரணங்கள்தான். பேசினில் கூடுதலாக ஒன்று, உடம்பு எல்லாப் பக்கமும் படுகிறது. சுருண்ட பூனையின் அளவுக்கே அச்சு வார்த்ததுபோல் இருக்கும். இதே ஆசையில்தான் அன்னக்கூடை, முறம், அரிசி அளக்கும் பாத்திரம், திறந்து கிடக்கும் பெட்டி என்று எதில் வேண்டுமானாலும் போய் உட்காருகிறது.

எல்லை என்று ஒன்று இருந்தால் போதும் போலிருக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பூனை வளர்ப்பவர்களையே வீட்டுத் தரையில் காகிதத் துண்டுகளை ஒட்டச் சொன்னார்கள். கால் பங்கு வெட்டிய நான்கு வட்டங்களை மூலைக்கு ஒன்றாக வைத்தால், நடுவில் ஒரு சதுரம் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் கோடே இருக்காது. அந்த இல்லாத சதுரத்துக்குள்ளும் சில பூனைகள் போய் உட்கார்ந்தன. ஆய்வை முழுதாக முடித்துக் கொடுத்தது 30 பூனைகள். அவற்றில் ஏதாவதொரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது ஒன்பதுதான். ஒன்பதை வைத்து உலகப் பூனைகளுக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனால் அதைப் படித்த அன்று குண்டுமணியைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு உண்மை.

நான் குளிக்கப் போனால் கதவைப் பிராண்டிப் பிராண்டிக் கத்துகிறது. பாசமா, சந்தேகமா?

ரெண்டும் கொஞ்சம். பூனை தன் எல்லையை ஒரு நாளைக்குப் பலமுறை சுற்றிப் பார்க்கும் விலங்கு. எப்போதும் திறந்திருக்கும் கதவு ஒன்று திடீரென்று மூடினால், அதன் கணக்கில் வீட்டில் ஓர் அறை காணாமல் போய்விட்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் வேறு.

பாசம் என்பதைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த ஆய்வில், சிறிது நேரம் தனியே விடப்பட்ட பூனைக்குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வளர்ப்பவர் திரும்பி வந்ததும் நிம்மதியடைந்து விளையாடப் போயின. குழந்தைகள் தாயிடம் காட்டும் பற்றுதலைச் சோதிக்கும் முறையையே அங்கே பயன்படுத்தினார்கள். அப்புறம், பாத்ரூமில்தான் உங்கள் வாசனை அதிகம்: கழற்றிப் போட்ட துணி, ஈரத்துண்டு, சீப்பு. அது மட்டுமல்ல, கையில் போன் இல்லாமல் நீங்கள் ஓரிடத்தில் இருப்பது வீட்டிலேயே அங்கே மட்டும்தானே? பூனை அதைக் கவனித்திருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டிக்குள் தடதடவென்று ஓடுகிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா?

பிடிக்கவில்லை. பகலெல்லாம் தூங்கிச் சேர்த்த தெம்பு அது. பொதுவாகப் பூனை சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். அடைத்து வளர்க்கும் பூனையாக இருந்தால் உங்கள் தூக்க நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும். தொட்டியின் வளைந்த சுவரில் ஓடினால் சறுக்கித் திரும்பிவிடலாம். குட்டிக் குழந்தைகளுக்குச் சறுக்குமரம் மாதிரி.

டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் தொலையாது, எப்படித் தட்டினாலும் பூனையிடமே உருண்டு வரும். நான் காசு கொடுத்து வாங்கிய பொம்மைகள் எதற்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் இப்படி விளையாட வைத்து, பிறகு சாப்பாடு கொடுத்தால் இரண்டு மணி ஓட்டம் குறையும். பந்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். இல்லையென்றால் அந்தச் சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வைத்தாலும் தொட்டிக் குழாயில் சொட்டுவதைத்தான் குடிக்கிறது. ஏன்?

பூனைக்குக் கிட்டத்துப் பார்வை மோசம். மூக்குக்கு அருகில் இருக்கும் அசையாத பொருள் தெளிவாகத் தெரியாது. கிண்ணத்துத் தண்ணீரின் மட்டம் எங்கே என்று மீசையாலும் காலாலும் தடவித்தான் பார்க்க வேண்டும். சொட்டும் தண்ணீர் அசைகிறது, மின்னுகிறது, சத்தம் போடுகிறது. எங்கே இருக்கிறது என்ற குழப்பமே இல்லை.

பூனை குடிக்கும் விதமும் வேடிக்கையானது. நாய் நாக்கைக் கரண்டிபோல் வளைத்து அள்ளும். பூனை அள்ளுவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொறியாளர் ஒருவர் தன் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்து ஆர்வம் வந்து, நண்பர்களோடு சேர்ந்து அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2010இல் ஆய்வாகவே வெளியிட்டார். நாக்கின் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சட்டென்று மேலே போகிறது. கூடவே ஒரு தண்ணீர்க் கம்பி எழும்புகிறது. அது கீழே விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை.

ஓடும் தண்ணீர் வைத்தால் எல்லாப் பூனையும் அதிகம் குடிக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பூனைக்குப் பூனை விருப்பம் மாறியது. முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்கும், பூனை ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகும் மணல் தட்டுக்கும் தள்ளி வையுங்கள், வாயகலமான பாத்திரமாக இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லி, அதாவது நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 200 மில்லி தண்ணீர் தேவை. மீன் சோறோ ஈர உணவோ சாப்பிடும் பூனைக்கு இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே போய்விடும். உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். அதை மட்டுமே தின்னும் பூனை குழாயைத் தேடினால் தேடட்டும், தடுக்காதீர்கள்.

தண்ணீர் போகிற ஓட்டையையே மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மா பேய் கீய் என்கிறார்.

அம்மாவிடம் கரப்பான் என்று சொல்லுங்கள். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். சுண்டெலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நுண்ணொலியைக் கேட்கத்தான் அந்தக் காது. குழாய்க்குள் கரப்பான் ஊர்வதும், கீழ்வீட்டில் தண்ணீர் திறப்பதும் அதற்கு நேரலை ஒலிபரப்பு மாதிரி. காதுகள் முன்பக்கம் குவிந்து, வால் நுனி மட்டும் ஆடினால் வேட்டைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டைக்கு நல்ல சல்லடை மூடி போடுங்கள். கரப்பானுக்கு மருந்து அடித்திருந்தால் பூனையை அந்தப் பக்கமே விடாதீர்கள். மருந்து தின்ற கரப்பானை அது தின்னும்.

பினாயில் போட்டுக் கழுவிய தொட்டியில் படுத்தால் ஏதாவது ஆகுமா?

ஆகும். மற்றதெல்லாம் சுவாரசியத்துக்கு எழுதினேன், இதை மட்டும் யாராவது படித்தால் போதும்.

பினால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்ற மனித ஈரல் பயன்படுத்தும் ஒரு வழி பூனைக்கு மிகவும் குறைவு. அதற்கான மரபணு பூனையில் செயலற்றுக் கிடக்கிறது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இதே காரணம்தான். கறுப்புப் பினாயிலில் இருப்பது தாரிலிருந்து எடுத்த பினால் வகைகள். பைன் எண்ணெய் கலந்த வெள்ளைப் பினாயிலும் பூனைக்கு நல்லதில்லை. பூனை அதைக் குடிக்க வேண்டும் என்பதில்லை. ஈரத்தில் நடந்துவிட்டு, வழக்கம்போல் காலை நக்கினால் உள்ளே போய்விடும். பேசின் ஓட்டையில் போடும் பாச்சை உருண்டையும், கழிவறை கழுவும் ஆசிடும் இதே பட்டியலில் சேரும். ப்ளீச் வாசனைக்குச் சில பூனைகள் மயங்கிப்போய் அந்த இடத்தில் புரளும். அதனால் ப்ளீச் அதற்கு நல்லது என்று ஆகிவிடாது.

நான் செய்வது: பூனை படுக்கும் தொட்டியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, காய விடுவேன். வேறு மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், அலசிக் காய்ந்து வாசனை போகும்வரை கதவு மூடியிருக்கும். தெரியாமல் மிதித்துவிட்டால் பாதத்தையும் மயிரையும் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். நக்கியிருந்தால், எச்சில் ஒழுகினால், வாந்தி வரவழைக்க முயலாமல் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

தொட்டியில் ஒன்றுக்குப் போகிறது. திட்டியதற்குப் பழி வாங்குகிறதோ?

பூனைக்குப் பழி வாங்கத் தெரியாது, வலி தெரியும். மணல் தட்டில் போகும்போது வலித்தால், வலிக்குக் காரணம் அந்தத் தட்டுதான் என்று நினைத்து வேறிடம் தேடும். சிறுநீர்த் தொந்தரவு உள்ள பூனைகள் தொட்டி, பேசின் போன்ற வழவழப்பான சில்லென்ற பரப்பில் போவது மருத்துவர்களுக்கு நன்கு பழகிய அறிகுறி. மணல் தட்டு அழுக்காக இருந்தாலும், மணல் வகையை மாற்றியிருந்தாலும் இதைச் செய்யலாம். ஆனால் முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு தட்டைப் பாருங்கள்.

ராஜப்பா கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை அவன் தொட்டியில் குந்தினான். எழுந்தான், மறுபடி குந்தினான். வெள்ளை எனாமலில் இளஞ்சிவப்பாக மூன்று சொட்டு. மலச்சிக்கல் என்று நினைத்தேன். இரவு பத்து மணிக்கு அடிவயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவோடு இரவாகக் குழாய் போட்டு எடுத்து, மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். மணலில் போயிருந்தால் அந்த மூன்று சொட்டு என் கண்ணில் பட்டிருக்காது. ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி, ஒன்றும் வராமல் கத்தினால் காலைவரை காத்திருக்காதீர்கள்.

வயதான பூனை. இத்தனை வருடம் எட்டிக்கூடப் பார்க்காதது, இப்போது தொட்டியே கதி என்று கிடக்கிறது.

இங்கேதான் ‘எப்போது’ என்ற கேள்வி முக்கியமாகிறது. பழக்கம் எப்போது மாறியது? பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை திடீரென்று குழாயடியிலேயே தவம் கிடந்தால், முன்பைவிட அதிகம் குடிக்கிறதா, மணலில் சிறுநீர் பட்டுச் சேரும் கட்டிகள் பெரிதாகின்றனவா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பு கூடுவது மூன்றிலும் தாகம் எடுக்கும். ரத்தமும் சிறுநீரும் சோதித்தால் தெரிந்துவிடும்.

குடிக்காமல், தின்னாமல், முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தால் ஒளிந்துகொள்கிறது என்று பொருள். முடியாத பூனை முதலில் செய்வது அதுதான். நள்ளிரவில் தொட்டிக்குள் நின்று ஊளை மாதிரிக் கத்துவதற்கும் ரத்த அழுத்தம், தைராய்டு, மூப்பினால் வரும் தடுமாற்றம் என்று காரணங்கள் உண்டு. தொட்டிக்குள் நின்று கத்தினால் சத்தம் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும். அதனால் நம் காதுக்கு எட்டுகிறது என்பது ஒரு நன்மை.

தானாகத்தானே தொட்டியில் உட்காருகிறது, அப்படியே ரெண்டு குவளை ஊற்றிக் குளிப்பாட்டிவிடட்டுமா?

ஊற்றலாம். அதற்கப்புறம் அது தொட்டிப் பக்கம் வராது, உங்கள் பக்கமும் வருமா தெரியாது. அது ஓய்வெடுக்கும் இடம் என்று நம்பிப் படுத்திருக்கிறது. அங்கேயே நனைத்தால் அந்த நம்பிக்கை போயிற்று.

ஆரோக்கியமான பூனைக்குக் குளியலே தேவையில்லை, நாக்கு போதும். எண்ணெயோ மருந்தோ கொட்டிக்கொண்டால் குளிப்பாட்டத்தான் வேண்டும். அப்போது வேறொரு அன்னக்கூடையில், அடியில் கால் வழுக்காமல் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரை முன்பே நிரப்பி வைத்துக்கொண்டு பூனையைக் கொண்டுவாருங்கள். தலையில் ஊற்றாதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்பு வீட்டில் இருந்தால் தொடவே வேண்டாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து நாயை ஒன்றும் செய்யாது, பூனையைக் கொன்றுவிடும்.

தண்ணீரை விரும்பும் பூனைகளும் இருக்கின்றனவாமே? எங்களுடையது அந்த ரகமோ?

இருக்கின்றன, உங்களுடையது அநேகமாக அந்த ரகம் இல்லை. துருக்கியில் வான் என்ற ஏரியின் பக்கத்துப் பூனைக்கு ‘நீந்தும் பூனை’ என்றே பெயர். 1955இல் இங்கிலாந்துப் பெண்கள் இருவர் துருக்கியிலிருந்து சில பூனைகளைக் கொண்டுபோய், அதிலிருந்து வான் என்ற இனத்தை உருவாக்கினார்கள். நிஜமாகவே தண்ணீரில் பிழைப்பது மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு பெரிய காட்டு விலங்கு. முங்கி மீன் பிடிக்கும். உள்மயிர் அடர்த்தியாக இருப்பதால் தோல் நனையாது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு இதுதான். ஆந்திராவில் காக்கிநாடா அருகே கோரிங்கா அலையாத்திக் காட்டிலும், இலங்கையில் கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலங்களிலும்கூட இருக்கிறது. அதற்கும் உங்கள் வீட்டு வாஷ் பேசினுக்கும் சம்பந்தமில்லை.

தொட்டியிலேயே குட்டி போட்டுவிட்டது! அப்படியே விட்டுவிடலாமா?

தாயின் கணக்கு சரி. இருட்டு, சுவர், ஆள் நடமாட்டம் இல்லை. குட்டிகளுக்குத்தான் அது சரிப்படாது. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் சுற்றியுள்ள இடமே 30 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். சில்லென்ற எனாமல் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். பழைய பருத்திப் புடவையை நாலைந்தாக மடித்து அடியில் கொடுங்கள். தாய் அமைதியான பிறகு, அதே துணியோடு ஓர் அட்டைப்பெட்டியில் மாற்றி, பக்கத்திலேயே வையுங்கள். குழாயைத் திறக்காதபடி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது.

குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டும் தொட்டியும் மூடியிருக்கட்டும். வழுவழுப்பான சுவரில் ஏறி வர அவற்றால் முடியாது. பாத்ரூமில் வாஷிங் மெஷின் இருந்தால் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். அதுவும் பூனைக்கு ஒரு தொட்டிதான்.

வீட்டில் இரண்டு பூனை, இரண்டுக்கும் அதே தொட்டிதான் வேண்டுமாம். தினமும் சண்டை. தொட்டிப் பழக்கத்தையே நிறுத்திவிட வழி உண்டா?

நிறுத்த வழி உண்டு. ஓர் அங்குலத் தண்ணீர் விட்டு வைத்தால் போதும் என்பார்கள். ஆனால் அது எதற்காகப் போகிறது என்று பார்க்காமல் இடத்தைப் பறித்தால் அடுத்து உங்கள் சமையல் மேடைக்குத்தான் வரும். பூனைகள் ஓரிடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளக்கூடியவை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று. அந்த ஏற்பாடு தானாக அமையவில்லை என்றால் இரண்டாவது பள்ளம் ஒன்றைக் கொடுங்கள். பெரிய அன்னக்கூடையை வாசல் தெரியும் மூலையில், தரையிலிருந்து சற்று உயரத்தில் வைத்து, வெயில் காலத்தில் வெறுமையாகவும் குளிருக்குத் துண்டு போட்டும் விட்டுப் பாருங்கள். ஒரு பூனை மற்றதை உள்ளே வைத்து மறிக்காதபடி பாத்ரூம் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

ஓர் அங்குலம் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2019இல் எங்கள் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்த மூன்று மாதமும் குண்டுமணி அந்த விளிம்பின் மேல்தான் தூங்கினாள், ஒரு முன்னங்கால் தண்ணீருக்கு மேலே தொங்க. மழை வந்து, கடைசித் தண்ணீரையும் மொண்டு செடிக்கு ஊற்றிவிட்டுத் துடைப்பதற்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஈரத்தொட்டியின் காய்ந்திருந்த ஒரு மூலையில் படுத்தாயிற்று.